ஆறு மணிக்குக் கொடை ரோட்டில்

5 ஜனவரி 2025, ஞாயிறு

சிறுமலைக்குப் போய்வந்தேன். பதினெட்டு வளைவுகள். பனி விலகும் முன் ஏறி, மேலே ஒரு டீ குடித்துவிட்டு, கார்க்காரர்கள் கும்பலாக வரத் தொடங்கும் முன் இறங்கிவிட்டேன். மனிதர்கள் வந்து சேர்வதற்கு முன்னால் ஒரு மலை எவ்வளவு நாகரிகமாக இருக்கிறது.

கிளம்பும்போது நாகல் நகரில் ஹாமித் கடையில் காற்று அடித்தேன். வழக்கமான கேள்வி.

"சிங்கிளாண்ணே, டபுளா?"

ஸ்கூட்டரில் ஒரு ஆள் என்றால் பின் டயருக்குக் காற்றின் அளவு இருபத்தொன்பது. பின்னால் இன்னொருவர் உட்கார்ந்தால் முப்பத்தாறு. நாலு வருடமாகக் கேட்கிறான். நாலு வருடமாக என் பதில் ஒன்றுதான்.

"சிங்கிள்."

"ஒரு நாளாச்சும் மாத்திச் சொல்லுங்கண்ணே. மெசினுக்கே போரடிக்குது."

அவன் கடைப் பலகையில் 'இருசக்கர வாகனங்களுக்கு காற்று அடிக்கப்படும்' என்று எழுதியிருக்கிறது. 'வாகனங்களுக்குக் காற்று' என்று நடுவில் ஒரு க் வரவேண்டும் என்று இதையும் நாலு வருடமாகச் சொல்கிறேன். "அந்த எழுத்து இல்லாமயே காத்து ஏறுதுண்ணே" என்கிறான். இந்த ஊரில் எல்லாமே அப்படித்தான் ஏறுகிறது.

9 ஜனவரி, வியாழன்

என்னைவிட ஆறு வயது இளையவன் எனக்கு மேலதிகாரியாக வந்து இன்றோடு ஒரு வருடம். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். கண்காணிப்பாளர் என்ற முறையில் முதல் துண்டு எனக்கு. சாப்பிட்டேன். இனிப்பு அதிகம்.

16 ஜனவரி, வியாழன். கொல்லிமலை, செம்மேடு

பொங்கல் விடுமுறை. மனைவி ராமுத்தாய் அவள் அம்மா ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது, "நீங்க பாக்குற மலையெல்லாம் எனக்கு போட்டோவுலதான்" என்றாள். ஒருமுறை அவளை ஏற்றிக்கொண்டு போக மறுத்து, இரண்டு பேர் உட்கார்ந்தால் வண்டி ஏறாது என்று சொல்லிவிட்டேன். அதைப் பதினோரு வருடமாக நினைவில் வைத்திருக்கிறாள். நினைவில் வைத்திருப்பதை நான் குறை சொல்ல முடியாது.

கரூர், நாமக்கல், சேந்தமங்கலம், காரவள்ளி. அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு நாற்பதுதான். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய கல். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் வளைவில் மண்ணையும் சருகையும் ஒவ்வொன்றாக உணர்ந்துகொண்டு போகிறது. பெரிய பைக்குகளுக்கு இந்த நுட்பம் கிடையாது. நாலு பேர் பெரிய பைக்கில் கடந்தார்கள். "சித்தப்பா, ஸ்கூட்டர்லயா? பாத்து!" முப்பத்தெட்டாம் வளைவில் அதில் ஒருவன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். நான் நிறுத்தவில்லை.

அறுபதுக்கு மேல் காற்றின் வாசனையே மாறிவிடுகிறது. மிளகுக் கொடி, ஈர மண், எங்கோ பழுக்கிற பலா. கீழே நாமக்கல் சமவெளி, துவைத்துக் காயப்போட்ட பழைய சேலை போல.

டீக்கடைக்காரர் வண்டி எண்ணைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, திண்டுக்கல்லுல இருந்து இதுலயேவா வந்தீங்க? கொடைக்கானலப் பக்கத்துல வெச்சுக்கிட்டு இங்க எதுக்குங்க?" என்றார்.

"நான் கொடைக்கானல் போவதில்லை."

"ஏனுங்க?"

"குளிர் ஒத்துக்கொள்ளாது."

"இங்கயும் குளிருதுங்களே."

டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தேன். சொல்வதாக இருந்தால் இதைச் சொல்லியிருக்க வேண்டும்:

1999 ஜூன் 14, திங்கட்கிழமை. கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியில் தமிழாசிரியர் பணிக்கு நேர்காணல். ஒரே ஒரு இடம். நானும் செபஸ்தியானும் எம்.ஏ. தமிழில் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. இருவருக்கும் அழைப்பு வந்தது. அவன் அப்போது மதுரையில் ஒரு டியூஷன் சென்டரில் இருந்தான். அஞ்சலட்டை எழுதினான்: ஆறு மணிக்குக் கொடைரோட்டில் நிற்பேன், உன் சேட்டக்கில் சேர்ந்து போவோம் என்று. ஆறுக்குக் கால் மணி முன்பே கொடைரோடு ரயில் நிலைய வாசலில் அப்பாவின் சேட்டக் ஸ்கூட்டருடன் நின்றேன். மதுரையிலிருந்து ஒரு ரயில் வந்தது. இன்னொன்று வந்தது. ஒன்பதரை மணிவரை நின்றேன். நண்பனை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று நின்றேன்!

பிறகு தனியாக ஏறிப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. எல்லாம் முடிந்திருந்தது. செபஸ்தியான் தேய்த்த சட்டையோடு பள்ளி வாசலில் இறங்கி வந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தபடி, "ஏலே, எங்கலே போன?" என்றான்.

எங்கே போனாய் என்று கேட்டான்! என்னை ரயிலடியில் நிறுத்திவிட்டு, பஸ் ஏறிப் போய், என் வேலையை வாங்கிக்கொண்டு.

வண்டியைத் திருப்பினேன். அன்றிலிருந்து அவனோடு பேசவில்லை. அவன் எழுதிய கடிதங்களைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். அந்த மலைப்பாதையில் மறுபடி ஏறவில்லை. ஒற்றுப்பிழை இல்லாமல் ஒரு வரி எழுதத் தெரியாதவன் இருபத்தைந்து வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தான். நான் கோப்புகளுக்கு நூல் கட்டினேன்.

பகையை மறப்பது பெரிய குணம் என்கிறார்கள். மறதி எப்போதிலிருந்து குணமாயிற்று?

26 ஜனவரி, ஞாயிறு

கல்லூரி வகுப்புத் தோழர்களின் வாட்ஸாப் குழுவில் கொல்லிமலைப் படம் ஒன்றைப் போட்டிருந்தேன். அந்தக் குழுவில் பிழை திருத்துவதைத் தவிர நான் பேசுவதில்லை. எதற்குப் படம் போட்டேன் என்று தெரியவில்லை. இன்று எனக்குத் தனியாக ஒரு குரல் பதிவு வந்தது. மூன்று முறை கேட்டேன். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"ஏலே ஒத்து வாத்தி! கொல்லிமல போயிருந்தியாமே. கிளாரா சொன்னா, என் மக. எனக்குத் தெரியாதுலே, கண்ணு போச்சு. சக்கர வியாதி. வெளிச்சம் தெரியும், ஆளு தெரியாது. வேலைய விட்டுட்டு மலைய விட்டு எறங்கி ஒரு வருசமாச்சு. உன் ஊர்லதான், நாகல் நகர்ல, மக வீட்ல கெடக்கேன். ஒரு தடவ உன் வண்டியில என்னையக் கூட்டிட்டுப் போலே. பின்னாடி சும்மாதானே கெடக்கு."

ஒத்து வாத்தி. செபஸ்தியான் வைத்த பெயர். அவன் எனக்கு எழுதும் அட்டைகளில் விட்டுப்போன ஒற்றெழுத்துகளைச் சிவப்பு மையால் போட்டு அடுத்த முறை பார்க்கும்போது காட்டுவேன். அதற்காக வைத்த பெயர்.

இருபத்தாறு வருடம் கழித்து, நேற்றுத்தான் பேசி முடித்தது போல.

27 ஜனவரி, திங்கள்

தூக்கமில்லை. இங்கேயாவது ஒளிக்காமல் எழுத வேண்டும்.

2006இல் அவன் தலைமையாசிரியர் ஆகப்போகிறான் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பள்ளி நிர்வாகத்துக்கு மூன்று பக்கம் எழுதினேன். பெயரில்லாமல். கையெழுத்துத் தெரியக் கூடாது என்று இடது கையால். விடைத்தாள்களைப் படித்துப் பாராமலே மதிப்பெண் போடுகிறார் என்று. எனக்கு அப்படி எதுவும் தெரியாது. அவன் அப்படித்தான் செய்வான் என்று தோன்றியது, அவ்வளவுதான். விசாரணை நடந்தது. பதவி வேறொருவருக்குப் போயிற்று.

மொட்டைக் கடுதாசி என்று ஊர் சொல்லும். நான் வருந்தவில்லை. அவன் என் வாழ்க்கையை எடுத்தான். நான் அவனுடைய ஒரு நாற்காலியை எடுத்தேன். அதுவும் அவனுக்குத் தெரியாது.

இப்போது நானும் அவனிடம் ஒன்று கேட்க வேண்டும். ஏன் என்னை அங்கே நிறுத்தினாய்? மலையில், பாதி வளைவில், வண்டியை நிறுத்திக் கேட்பேன். பின்னால் உட்கார்ந்திருப்பவனால் இறங்கி ஓட முடியாது.

2 பிப்ரவரி, ஞாயிறு

போனேன். கிளாராதான் கதவைத் திறந்தாள். ஏதோ பள்ளியில் ஆசிரியை. "வாங்க அங்கிள். எங்க வீட்ல உங்க பேரு அடிக்கடி வரும்" என்றாள். எதற்கு வரும் என்று நான் கேட்கவில்லை.

அவன் கருத்திருந்தான், மெலிந்திருந்தான். நான் உட்கார்ந்த பக்கம் முகத்தைத் திருப்பி, என் தோளுக்கு அரை அடி தள்ளி ஓர் இடத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"எளச்சிட்டியாலே? வயிறு போட்டுருச்சா? கைய நீட்டு பாப்போம்."

தொட விடவில்லை. "கொடைக்கானல் கிடையாது. போடிமெட்டு ஏறி மூணாறு. ஒரு நாள் தங்கல்" என்றேன்.

"எந்த மலையா இருந்தா என்ன அப்பு. எனக்கு எல்லாம் ஒரே மாரிதான் தெரியும்."

வாசல்வரை வந்த கிளாரா மெதுவாக, "அப்பா ஒரு வாரமா இதத்தான் பேசுறாங்க. பாத்துக் கூட்டிட்டுப் போங்க அங்கிள்" என்றாள்.

14 பிப்ரவரி, வெள்ளி

பிரேக் கட்டை மாற்றினேன். ஸ்கூட்டருக்கு இறக்கத்தில் இன்ஜின் பிடிக்காது. பிரேக்கை மட்டும்தான் நம்ப வேண்டும். நம்ப வேண்டியவற்றைக் குறைத்துக்கொள்வதுதான் பயணத்தின் முதல் விதி.

ராமுத்தாய்க்கு விஷயம் தெரிந்துவிட்டது. "என்னைய ஏத்துனா வண்டி ஏறாது, அவர ஏத்துனா மட்டும் ஏறுமாக்கும்?" என்றாள். நியாயமான கேள்வி. வெஞ்சனம் எதுவும் இல்லாமல் வெறும் ரசச் சோறு போட்டாள். அதுவும் நியாயம்.

ஹாமித் கேட்டான். "சிங்கிளாண்ணே, டபுளா?"

சிங்கிள் என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பழக்கமா? வன்மமா? திரும்பிப் போய் மாற்றவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

15 பிப்ரவரி, சனி. மூணாறு, மாலை

 ஒழுங்காக, வரிசையாக எழுத வேண்டும்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். அவன் கையை என் இடுப்பில் வைத்தான்; கம்பியைப் பிடித்துக்கொள் என்றேன். செம்பட்டியில் டீ. சந்தைக்குப் போகும் காய்கறி வேன்கள். விடிந்தது. இடைவிடாமல் பேசிக்கொண்டே வந்தான். "தென்னந்தோப்பு வந்திருச்சா? சிலுசிலுங்குதே." "பூ லோடு வண்டி ஒண்ணு தாண்டுச்சுல்ல? மல்லி." எனக்குத் தெரியாதவை எல்லாம் அவனுக்குத் தெரிந்தன.

வத்தலகுண்டு நெருங்கும்போது, "பைபாஸ்ல போகாதே. ஊருக்குள்ள போ" என்றான். போனேன். ஊரின் மேற்கே, கொடைக்கானல் சாலை தொடங்கும் முக்கு வந்ததும் என் தோளைத் தட்டினான்.

"நிறுத்து, நிறுத்து. கொடரோடு வந்திருச்சுல்ல?"

"கொடைரோடு இந்தப் பக்கம் இல்லை. அது நிலக்கோட்டையைத் தாண்டி, மதுரை ரோட்டில்."

"அது ரயிலடிலே. நான் சொல்றது கொட ரோடு. கொடைக்கானலுக்குப் போற ரோடு. எங்க ராணியக்கா வீட்டு முக்கு. இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்." அவன் தட்டுத்தடுமாறி இறங்கி, காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தான். "இங்கனதானே உனக்காக நின்னேன். அஞ்சரைல இருந்து எட்டரை வரைக்கும். அக்கா ரெண்டு தடவ காப்பி கொண்டாந்து குடுத்துச்சு. நீ வரல. வண்டிய எங்கயாச்சும் கொண்டு சொருகிட்டியோன்னு பயந்து, பஸ்ல ஏறி ஜெபமால உருட்டிக்கிட்டே போனேன். முடிச்சு வெளிய வந்தா நீ முழுசா வாசல்ல நிக்கே. எங்கலே போனன்னு கேட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்ட."

பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. வடைச் சட்டியின் எண்ணெய் வாசனை. நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"நான் நின்றது ரயிலடியில்" என்றேன்.

"எங்க?"

"கொடைரோடு ரயில் நிலையத்தில். ஒன்பதரை மணிவரை."

அவன் என் குரல் வந்த பக்கம் திரும்பினான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். வண்டி சீட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை. "அட கூமுட்ட! ரெண்டு பேரும் கூமுட்டைகளா! எம்.ஏ.வாம், எம்.ஏ!" டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பது? இருபத்தாறு வருடத்தை ஒருவன் வடைக் கடை முன்னால் நின்று சிரித்தே முடித்துவிடலாமா?

சிரிப்பு அவனுக்கும் நின்றது. துண்டால் கண்ணைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே, குரல் மாறாமல் கேட்டான்: "அப்ப அதுக்குத்தானா அந்த லெட்டரு?"

"எந்த லெட்டர்?"

"மூணு பக்கம். விசாரணையில என் கையிலயே குடுத்து வாசிக்கச் சொன்னாங்க. கையெழுத்து கோழி கிண்டுன மாரி. ஆனா மூணு பக்கத்துல ஒரு ஒத்து விட்டுப்போகலயேலே. மொட்டக் கடுதாசியில சந்தி பாத்து எழுதுறவன் திண்டுக்கல் ஜில்லாவுல ஒருத்தன்தான்."

"நான் எழுதவில்லை" என்றேன்.

"சரி" என்றான். "வண்டிய எடு."

பெரியகுளம், தேனி, போடி. பேச்சு இல்லை. முந்தல் ஊரைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வண்டியின் பின்பக்கம் வளைவுக்கு வளைவு அசைந்தது. நாலாம் வளைவில், "பின்னாடி காத்து கம்மியாலே? ஒரு ஆளுக்குத்தான் அடிச்சியா?" என்றான். பிறகு, "என்ன தெரியுது, சொல்லு" என்றான்.

"மலை."

"எம்.ஏ. படிச்சவன். மலைன்னு மட்டும் சொல்றான்."

சொன்னேன். வேறு வழியில்லை. கீழே போடியின் ஓட்டுக் கூரைகள், மாந்தோப்புகள், நாம் வந்த சாலை அரைஞாண் கயிறு போலச் சுற்றிக் கிடப்பது. பாறையின் இடுக்கில் வழிகிற ஒரு விரல் தண்ணீர். மேகத்தின் நிழல் ஒரு மலையிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுவது. இவ்வளவு நாளும் தனியாக வந்து இதையெல்லாம் யாருக்குச் சொன்னேன்? பதினேழாம் வளைவில் ஏலக்காய் வாசனை வந்தது. அதை நான் சொல்லும் முன் அவன் சொல்லிவிட்டான்.

இப்போது பக்கத்துக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான். நான் இல்லை என்று சொன்ன பிறகு அவன் ஒரு வார்த்தைகூடக் கடிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் கோபப்பட்டிருப்பேன். கோபம் எனக்குப் பழக்கம்.

16 பிப்ரவரி, ஞாயிறு

திரும்பிவிட்டோம். இறங்கும்போது இரண்டு இடத்தில் பிரேக்கை ஆறவிட்டேன். அவன் கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தான்.

வீட்டு வாசலில் விட்டபோது "வாலே" என்று சொல்லவில்லை. கிளாராவின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான்.

அவன் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வத்தலகுண்டு என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் போதும். தப்பு அவன் பேரில்தான்.

17 பிப்ரவரி, திங்கள்

விடுப்பு எடுத்தேன். பரண்மேலிருந்து தகரப் பெட்டியை இறக்கினேன். அந்த அட்டையைத் தூக்கி எறிந்திருக்க மாட்டேன் என்று தெரியும். சாட்சியை யாராவது எறிவார்களா?

கிடைத்தது. அவன் எழுதியபடியே:

'அன்பு பழனி, நேர்காணல் பதினோரு மணிக்கு. அக்கா வீட்டுக்கு முதல் நாளே வந்து விடுவேன். ஆறு மணிக்கு கொடை ரோட்டில் நிற்பேன். உன் வண்டியில் போவோம். செபஸ்தி.'

'கொடை ரோட்டில்' — பிரித்துத்தான் எழுதியிருக்கிறான். சரி, ரயில் நிலையப் பலகையிலும் பிரித்துத்தான் எழுதியிருக்கிறது. அதை வைத்து நான் வாதாடலாம். ஆனால் அதற்கு முந்தைய வரி?

அக்கா வீட்டுக்கு முதல் நாளே. அக்கா வீடு வத்தலகுண்டில் என்பது எனக்குத் தெரியும். அந்த வீட்டில் இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறேன். முதல் நாளே அங்கே வந்துவிடுகிறவன் மறுநாள் காலை மதுரையிலிருந்து ரயிலில் எப்படி வருவான்?

அட்டையில் என் சிவப்பு மை இருக்கிறது. 'வந்து விடுவேன்' என்பதை வளைவு போட்டுச் சேர்த்திருக்கிறேன். 'மணிக்கு'க்குப் பக்கத்தில் ஒரு க் சொருகியிருக்கிறேன். அழகாக, அளவாக.

திருத்தியிருக்கிறேன். படிக்கவில்லை.

விடைத்தாளைப் படிக்காமல் மதிப்பெண் போடுகிறான் என்று எழுதினேனே — யாரைப் பற்றிடா எழுதின?

23 பிப்ரவரி, ஞாயிறு

வண்டியை எடுக்கவில்லை. ராமுத்தாய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

2 மார்ச், ஞாயிறு

அவனுக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். வலது கையால், பெயர் போட்டு, முகவரி போட்டு. உறையில் போட்டு ஒட்டிய பிறகுதான் தோன்றியது: அவனுக்குக் கண் தெரியாது. கிளாராதான் வாசித்துக் காட்ட வேண்டும். தன் அப்பாவை விசாரணையில் உட்கார வைத்தது தான் வாசல்வரை வந்து 'அங்கிள்' என்று அழைத்த அந்த ஆள்தான் என்று அந்தப் பெண் தன் வாயால் வாசிக்க வேண்டும்.

எழுத்தைத் தவிர எனக்கு என்ன தெரியும்? எழுத்து செல்லாத இடத்தில் என்ன செய்வது?

அவனுக்கு என்ன, நிம்மதியாகத்தான் இருப்பான். நான்தான் —

இல்லை. இப்படியே எழுதித்தான் இருபத்தாறு வருடம் போயிற்று.

5 மார்ச், புதன்

சாம்பல் புதன் போலிருக்கிறது. பஸ்ஸில் பாதிப் பேர் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு நின்றார்கள். நாகல் நகர் நிறுத்தத்தில் நான் இறங்கவில்லை.

9 மார்ச், ஞாயிறு

போனேன்.

கிளாரா சமையலறையில் இருந்தாள். அவன் ஜன்னலோரம், முகத்தில் வெயில் படும்படி உட்கார்ந்திருந்தான். என் செருப்புச் சத்தத்திலேயே, "ஒத்து வாத்தியா?" என்றான். உறையை அவன் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தான்.

"பேரு போட்டிருக்கியா இந்தத் தடவ?"

"போட்டிருக்கிறேன்."

"கிளாராவ வாசிக்கச் சொல்லவா?"

"வேண்டாம்."

"அப்ப நீயே வாசி."

பிரித்து வாசித்தேன். 'அன்புள்ள செபஸ்தியானுக்கு, கடந்த 1999ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நிகழ்ந்த புரிதற்பிழையின் காரணமாக' — அவன் கையை உயர்த்தினான்.

"என்னலே, கலெக்டருக்கு மனு குடுக்குறியா? பேச்சாச் சொல்லு."

எனக்கு வரவில்லை. கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன். பிறகு வந்தது. எப்படி வந்ததோ அப்படியே எழுதுகிறேன்.

"நாந்தான்டா எழுதுனேன். இல்லன்னு பொய் சொன்னேன். நாந்தான் தப்பான எடத்துல நின்னேன். ஒன் அட்டைய நான் படிக்கவே இல்லடா. திருத்துனேன். படிக்கல."

அவன் வெயில் பக்கமே முகத்தை வைத்திருந்தான். "அந்த விசாரணைக்கு அப்புறம் மூணு வருசத்துப் பேப்பரையும் திரும்பத் திருத்தச் சொன்னாங்க, தெரியுமா? ஆயிரத்து எரநூறு பேப்பர். அதுலதான் கண்ணு போச்சுன்னு உன்னையச் சொல்லத்தான் ஆச. ஆனா சக்கரைலே, சக்கர. அதுக்கு உன்னையக் குத்தம் சொல்ல முடியல." கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்: "சர்ச்சுல நன்மை அப்பம் வாங்க பீடத்துக்கு முன்னாடி போயி நிக்கிறப்பல்லாம் உன் லெட்டரு ஞாவகம் வரும். பக வெச்சுக்கிட்டு வாங்கக் கூடாதும்பாங்க. வாங்கிக்கிட்டுத்தான் இருந்தேன். பத்தொம்பது வருசம்."

வாசலில் கிளாரா நின்றுகொண்டிருந்தாள். தட்டில் இரண்டு டீ. எப்போதிலிருந்து நின்றாள் என்று தெரியாது. ஒரு கிளாஸை அவள் அப்பாவின் கையில் கொடுத்தாள். இன்னொன்றைத் தட்டிலேயே வைத்து உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவன் தன் டீயைக் குடித்தான். எனக்கு டீ வரவில்லை என்பது சத்தத்திலேயே அவனுக்குத் தெரிந்திருக்கும். 

கிளம்ப எழுந்தேன்.

"மன்னிச்சிட்டேன்னு நான் சொல்லல" என்றான். "வால்பாறைக்கு எத்தன வளைவு?"

"நாற்பது."

"அங்க கூட்டிட்டுப் போ. தவக்காலம் முடியறதுக்குள்ள, ஈஸ்டருக்கு முன்னாடி. ஒவ்வொரு வளைவுலயும் என்ன தெரியுதுன்னு சொல்லணும், மலைன்னு ஒத்த வார்த்த சொன்னே, எறங்கிருவேன். நாப்பதாவது வளைவுல யோசிச்சுச் சொல்றேன்."

13 மார்ச், வியாழன்

கிளாரா எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள். அங்கிள் இல்லை, வணக்கம் இல்லை. 'அப்பாவுக்கு ஊசி காலை 7, இரவு 7. சாப்பாட்டுக்கு முன். மறக்க வேண்டாம்.'

பிழை எதுவும் இல்லை. இரண்டு முறை படித்தேன்.

21 மார்ச், வெள்ளி

நாளை விடியலில் கிளம்புகிறோம். பழனி, உடுமலை, பொள்ளாச்சி, ஆழியாறு. ராமுத்தாயிடம், அடுத்துச் சிறுமலைக்கு நீ வருகிறாயா என்று கேட்டேன். "வண்டி ஏறுமான்னு முதல்ல அவர வெச்சுப் பாத்துட்டு வாங்க" என்றாள். ஊசிப் பையை ஈரத் துணியில் சுற்றி வைத்தது அவள்தான்.

சாயங்காலம் ஹாமித் கடைக்குப் போனேன். கூட்டம். என்னைப் பார்த்ததும் அவன் கேள்விகூடக் கேட்காமல் பின் டயரில் குழாயை மாட்டினான். பலகையில் க் இன்னும் இல்லை. மீட்டரில் முள் இருபத்தொன்பதுக்கு வந்ததும் எடுக்கப் போனான்.

"டபுள்" என்றேன்.